கறுப்புக் கயிறு கட்டிய மூன்று ஓலைகள்

நீர் வற்றாதிருக்க. நெறி வழுவாதிருக்க. உப்பளம் வெண்மை குன்றாமலும், மரக்கலம் துறை மாறாமலும், புகல் தேடி வந்தவர்க்குக் கதவு அடைபடாமலும் விளங்கும் அலைவாய் நாட்டின் பேரரசி, ஏழு துறைகளின் தலைவி, வந்தவரின் பெயரைக் கேட்கும் முன்னே உண்ணச் சொல்லும் குடியில் பிறந்தவர், நெய்தலங்கோதையார் திருமுன்பு, நெடுவரை நாட்டு வேங்கைமூதூரிலிருந்து, அரசர் நெடுங்கோவின் பிறநாட்டுக் காரியங்களைப் பார்க்கும் அமைச்சனும், இரு நாட்டுக்கும் பொதுவான ஆற்றுடன்பாட்டின் காப்பாளன் என்று சென்ற திங்கள் வரை மதிக்கப்பட்டவனுமாகிய கீரந்தை, நெற்றி தரையில் பட வணங்கி விடுக்கும் ஓலை.

தங்கள் நாட்டு நலம் கேட்டும் எங்கள் நாட்டு நலம் சொல்லியும் தொடங்குவது ஓலை மரபு. தங்கள் நலத்தைக் கீரந்தை மனமாரக் கேட்கிறான். எங்கள் நலத்தைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அமைச்சன் தன்னைப் பெயரால் குறித்து எழுதுவதே எங்கள் வழக்கம்; இந்த ஓலையில் அது அவனுக்கு வசதியாகவும் போயிற்று. இதில் வரப்போகும் கீரந்தை வேறு யாரோ என்று எண்ணிக்கொள்ள அவனுக்கு ஆசை. அந்த ஆசையைப் பேரரசியார் பொருட்படுத்த வேண்டாம்.

தாங்கள் எங்களிடம் ஒப்படைத்த மதகுக் காவலன் சேந்தன் உயிரோடு இருக்கிறானா என்று இருமுறை கேட்டு விடுத்திருந்தீர்கள். இருமுறையும் மறுமொழி வரவில்லை. இதுவே மறுமொழி. ஆனால் விடையை முதலில் சொல்லிவிட்டால் கீரந்தை ஏதோ நல்லது செய்தவன் போலத் தோன்றக்கூடும். ஆகவே நடந்ததை நடந்த முறையிலேயே சொல்ல ஒப்புதல் வேண்டுகிறான்.

எங்கள் அரசர் கார்த்திகைத் திங்களில் பிறந்தவர். மழைக்காலத்தில் பிறந்தது அவர் குற்றமன்று. அத்திங்கள் முழுவதும் எங்களுக்கு வெள்ளணித் திங்கள்: அரண்மனையில் எல்லோரும் வெள்ளுடை உடுப்பர், சிறைக்கதவு திறக்கப்படும், எவரும் உரக்க அழலாகாது. இறப்பானாலும் இழப்பானாலும் எச்சரிக்கையானாலும், கெட்ட செய்தியைச் சுமந்து வரும் ஓலையைக் கறுப்புக் கயிற்றால் கட்டி அனுப்ப வேண்டும். அப்படி வருபவற்றை வாயிலிலேயே பிரித்தெடுத்து ஒரு பிரம்புக் கூடையில் இட்டு, திங்கள் முடியும்வரை கட்டவிழ்க்காமல் வைக்க வேண்டும். அரசரின் மகிழ்ச்சியில் ஒரு துளி மாசும் படக்கூடாது என்பதே நோக்கம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் முடிசூட்டு விழாவில் இந்த ஏற்பாட்டை வகுத்துக் கொடுத்துப் பட்டாடை பெற்றவன் கீரந்தை. அந்தப் பட்டாடை இன்னும் அவன் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

சேந்தன் எங்கள் பெருந்தாமரை ஏரியின் மதகுகளைக் காத்தவன். விதி என்று ஒன்று இருந்தால் அதைக் கேள்வி கேட்காமல் நடத்துகிற ஊழியன். சென்ற வெள்ளணித் திங்களில் அவன் கீரந்தையின் பெயருக்கு மூன்று ஓலைகள் விடுத்தான். மூன்றுக்கும், விதி சொன்னபடியே, கறுப்புக் கயிறு கட்டினான். வெள்ளைக் கயிறு கட்டி ஏமாற்றத் தெரியாத மனிதன். ஏமாற்றியிருந்தால் அறுபத்தொரு பேர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.

திங்களின் இருபத்துமூன்றாம் நாள் ஏரிக்கரை உடைந்தது. கீழே இருந்த மூன்று ஊர்களும் நீரில் போயின. சேந்தன் இரண்டு நாள் இடுப்பளவு சேற்றில் நின்று பிணங்களை எடுத்துக் கரை சேர்த்தான். மூன்றாம் நாள் அரண்மனைப் படைவீரர் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதைக் கேட்டதும் ஆற்றைக் கடந்து தங்கள் நாட்டுக்கு வந்துவிட்டான். தாங்கள் அவனை உண்ணச் சொன்னீர்கள். பெயரைப் பிறகு கேட்டீர்கள்.

இங்கோ பிழைத்தவர்கள் உடம்பில் சேறு காயாமல் அரண்மனை வாயிலில் வந்து நின்றார்கள். யார் பொறுப்பு என்று அரசர் வினவியருளினார். மதகைப் பார்க்க வேண்டியவன் ஓடிவிட்டான் என்று கீரந்தை விடை சொன்னான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் அந்த நாட்களில் சொன்ன எதிலும் பொய் இல்லை என்பதைப் பேரரசியார் கவனிக்க வேண்டும்; அவ்வளவு கெட்டிக்காரன் அவன்.

வெள்ளணி முடிந்த மறுநாள் கூடையை அவிழ்த்துப் படித்திருக்க வேண்டும். ஓலைச்சாலையைக் காக்கும் எயினி என்பவள் கூடையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். முப்பது ஆண்டாக ஓலைகளுக்கு எண்ணெய் பூசி, செல் அரிக்காமல் பார்த்துக்கொள்பவள்; இவ்வோலையை இப்போது தங்கள் கையில் தந்தவளும் அவளே. கூடையின் விளிம்பில் ஏரி மதகின் அடையாளச் சீட்டு தொங்குவதைக் கீரந்தை பார்த்தான். ஒன்றல்ல, மூன்று. செல் மருந்து இடும்வரை கூடையைப் பரணில் ஏற்றி வைக்கும்படி அவளுக்கு ஆணையிட்டான். செல் மருந்து வைப்பது சித்திரையில் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த ஓலைகளில் என்ன எழுதியிருந்தது என்று கீரந்தைக்குத் தெரியாது. தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றை அவிழ்க்கவில்லை. இந்த ஓலை முழுவதிலும் அவன் ஒப்புக்கொள்ளும் குற்றம் இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதன் பிள்ளைகள்.

மார்கழியில் சேந்தனைக் கேட்டு எங்கள் ஓலை தங்களிடம் வந்தது. தாங்கள் உடனே கொடுத்துவிடவில்லை. மூன்று எச்சரிக்கை ஓலை விடுத்ததாக இவன் சொல்கிறானே, அவை வந்தனவா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வரி எழுதக் கீரந்தைக்கு அரை நாள் பிடித்தது. அத்தகைய ஓலை எதுவும் எங்கள் பார்வைக்கு வரவில்லை என்று எழுதி முடித்ததும், தன் திறமையைத் தானே மெச்சி ஒரு வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டான். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், கேட்பாரும் இல்லை. ஆனால் எத்தனையோ பெரிய குற்றங்களை விட்டுவிட்டு அந்த வெற்றிலைதான் அவன் தொண்டையில் இன்னும் நிற்கிறது.

இரு நாட்டுப் பாட்டனாரும் வகுத்த ஆற்றுடன்பாட்டைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் குற்றத்தின் அளவு தெரியவேண்டி அதன் வாசகம் இங்கே எழுதப்படுகிறது. புகல் புகுந்தவனைத் திரும்பக் கேட்கும் நாட்டின் அமைச்சன், ஆற்று நடுப்பாறையின் அருகே இடுப்பளவு நீரில் நின்று, உள்ளங்கையில் அந்நீரை ஏந்தி மூன்று சொல் சொல்ல வேண்டும். கேட்ட குற்றத்துக்கன்றி வேறு குற்றத்துக்கு இவனை விசாரியோம். எல்லோரும் காண விசாரிப்போம். இவனுக்குச் சாதகமான ஓலை எங்கள் ஓலைச்சாலையில் ஒன்றும் இல்லை. மூன்றாம் சொல் பொய்த்தால், புகல் புகுந்தவனை ஒப்படைத்த நாடு, பொய் சொன்ன அமைச்சனைத் தன்னிடம் தரும்படி கேட்கலாம். கேட்டால் மறுக்காமல் கொடுக்க வேண்டும். அறுபது ஆண்டில் இந்தக் கடைசி வாசகத்துக்கு ஒருமுறையும் வேலை வந்ததில்லை.

தைத் திங்களில் கீரந்தை நீரில் இறங்கினான். முதல் இரண்டு சொல்லையும் உரக்கச் சொன்னான். மூன்றாவதையும் அதே குரலில், நாக்கூசாமல் சொன்னான். தங்கள் ஓடத்திலிருந்து சேந்தனை இறக்கிவிட்டார்கள். அப்போது அவன் சொன்னதை வழக்குமன்ற முறைப்படி, சொல் மாற்றாமல் எழுதவேண்டியிருக்கிறது. கீரந்தையை அடையாளம் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. "ஐயா, நீங்களே வந்துட்டீங்களா? உங்களுக்குத்தானுங்க எழுதினேன். கிடைச்சுதுங்களா?" என்றான். தண்ணீர் ஏறுகிறது, சீக்கிரம் கரைக்குக் கொண்டுபோங்கள் என்று கீரந்தை காவலர் பக்கம் திரும்பிச் சொன்னான். அன்று ஆற்றில் தண்ணீர் ஏறவில்லை. தங்கள் ஓடக்காரர்கள் அதற்குச் சாட்சி.

மாசியில் அறங்கூறவையம் கூடியது. இரண்டாம் சொல்லின்படி எல்லோரும் காணவே கூடியது. ஏரிக்கீழ் ஊர்களில் பிழைத்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். எந்தெந்த நாளில் எழுதினான், என்னென்ன எழுதினான் என்று சேந்தன் விரல் விட்டுச் சொன்னான். அவையத்தார் கீரந்தையைப் பார்த்தார்கள். அவனும் தன் அழகிய வரியைத் திரும்பச் சொன்னான். கரை உடைந்த இடத்திலேயே, உடைந்த நேரமான முற்பகலில், சேந்தனின் தலையைக் கொய்வது என்று தீர்ப்பாயிற்று. சேந்தன் அழவில்லை. கையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

தீர்ப்பில் முத்திரை விழும் முன், இவனுக்காகச் சொல்ல யாரிடமேனும் சொல் உண்டா என்று மும்முறை கேட்பது எங்கள் மன்ற வழக்கம். இதுவரை எவரும் எழுந்ததில்லை. கேட்பவரும் மூச்சு விடாமல் மூன்றையும் ஒன்றாகவே கேட்டு முடிப்பார். அன்று மூன்றாம் முறை கேட்டு வாய் மூடும் முன் வாயிற்பக்கம் சலசலப்பு எழுந்தது. எயினி தலையில் பிரம்புக் கூடையோடு உள்ளே வந்தாள். மன்றத்தில் பேசியறியாதவள். கூடையை அவையத்தார் முன் இறக்கி வைத்தாள். அவள் வாக்குமூலம் எழுதப்பட்டவாறே:

"பெரியவங்களே, இந்தக் கூடை பரண்ல இருந்துச்சு. நான்தான் ஏத்தினேன். அமைச்சர் ஐயா ஏத்தச் சொன்னாரு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் ஏத்தச் சொன்னாரு. முப்பது வருசமா அவரு உப்பைத் திங்கிறேன், தப்பா நினைக்க வேணாம். இந்த ஆளைக் கொன்னுட்டா, அப்புறம் நான் அந்தப் பரணுக்குக் கீழ உக்காந்து எண்ணெய் தடவ முடியாதுங்க."

கீரந்தை மறுக்க எழுந்தான் என்று எழுதவேண்டியிருக்கிறது. எழுந்தான், வாயையும் திறந்தான். அவளை அவன் முப்பது ஆண்டில் ஒருமுறையும் நேராகப் பார்த்ததில்லை. அன்று பார்த்தான். அவள் கண்ணில் சினம் இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பான். அவனுக்காக வெட்கப்படுகிற முகமாக அது இருந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

மூன்று கயிறும் மன்றத்திலேயே அவிழ்க்கப்பட்டன. படிக்கும் பொறுப்பை அவையத்தார் கீரந்தையிடமே கொடுத்தார்கள். ஓலை யார் பெயருக்கு வந்ததோ அவரே படிக்க வேண்டும் என்பது விதி.

முதல் ஓலை, ஐந்தாம் நாள் எழுதியது. வடக்கு மதகின் அடியில் கசிவு காண்கிறது, தெளிந்த நீராக இல்லாமல் மண் கலந்து வருகிறது, இருபது ஆளும் களிமண்ணும் அனுப்ப வேண்டும் என்றது.

இரண்டாம் ஓலை, பன்னிரண்டாம் நாள். ஆள் வரவில்லை, விரலளவு இருந்த கசிவு கையளவு ஆகிவிட்டது, மதகைத் திறந்து நீரைக் குறைக்க ஆணை வேண்டும், வெள்ளணித் தெப்பம் ஓடுவதற்காக ஏரியை நிறைத்து வைக்கச் சொல்லியிருப்பதால் ஆணையின்றித் திறக்கத் தனக்கு உரிமையில்லை என்றது.

மூன்றாம் ஓலை, இருபதாம் நாள். மூன்று ஊராரையும் மேட்டுக்குப் போகச் சொன்னேன். வெள்ளணியில் வீட்டை விட்டு வெளியேறுவது அரசருக்கு ஆகாது என்று மறுக்கிறார்கள். என் மனைவியும் என் பேச்சைக் கேட்கவில்லை. அமைச்சர் ஒரு சொல் சொல்லியனுப்பினால் எல்லோரும் போய்விடுவார்கள். ஒரு சொல் போதும் என்று எழுதியிருந்தது. அறுபத்தொருவரில் அவன் மனைவியும் ஒருத்தி என்பது அதுவரை கீரந்தைக்குத் தெரியாது. இறந்தவர் பட்டியலும் கறுப்புக் கயிறு கட்டியே வந்திருந்தது. அதையும் அவன் அவிழ்க்கவில்லை.

முன்வரிசையில் இருந்தவர்கள் கூச்சலிடுவார்கள் என்று எதிர்பார்த்தான். ஆனால் தம் வீட்டு வாசலில் வந்து நின்று, மேட்டுக்குப் போங்கள் என்று அந்த மனிதன் கெஞ்சியது அவர்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவனைக் கொல்லச் சொல்லி வந்தவர்கள் அவன் முகத்தில் விழிக்க மாட்டாமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

தீர்ப்பு கிழிக்கப்பட்டது. சேந்தன் உயிரோடு இருக்கிறான். தங்கள் கேள்விக்கு விடை இதுவே. அவனைக் காத்தவள் எயினி. அதில் கீரந்தைக்குப் பங்கு எள்ளளவும் இல்லை.

அன்று மாலை அரசர் கீரந்தையைப் பூங்காவுக்கு அழைத்தருளினார். சேந்தனை ஓசைப்படாமல் விட்டுவிடலாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், நம் வீட்டு அழுக்கை அடுத்த வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் உதறுவார்களா என்று வினவினார். சத்தியம் கொடுத்தது அந்த வீட்டுக்குத்தான் என்று கீரந்தை சொன்னான். அரசர் மீன் குளத்தில் ஒரு கைப்பிடி பொரியைத் தூவினார். பிறகு, எழுதுவதானால் எழுது, முத்திரை உன்னுடையதாக இருக்கட்டும், என்னுடையது வேண்டாம் என்றருளினார். அரசரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கெட்ட செய்தி காதில் விழாமல் ஒன்பது ஆண்டு பழக்கியவனுக்கு அந்த உரிமை இல்லை.

அங்கிருந்து நேரே கீரந்தை சேந்தனிடம் போய்க் காலில் விழுந்தான். சேந்தன் பதறி விலகிக்கொண்டான். திட்டுவான் என்று கீரந்தை நினைத்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். "மூணாவது ஓலையாச்சும் பிரிச்சிருக்கக் கூடாதுங்களா, ஐயா?" என்று மட்டும் சேந்தன் கேட்டான். மதகுத் தலைமை தருகிறோம், இங்கேயே இரு என்று அவையத்தார் சொன்னதற்கு, இந்த ஏரித் தண்ணீரை இனிப் பார்க்க முடியாது, அந்தப் பக்கமே போய்விடுகிறேன் என்று சேந்தன் விடை கூறினான்.

ஆகவே, ஆற்றுடன்பாட்டின் பேரால் அறிவிப்பது: சேந்தன் விலங்கின்றி, காவலின்றி, நடுப்பாறையில் தங்கள் ஓடத்துக்காகக் காத்திருக்கிறான். இந்த முத்திரையைக் காணும் துறைக்காவலர், ஓடக்காரர், எல்லைப் படைவீரர் எவரும் அவனைத் தடுக்கலாகாது. பெயர் கேட்டும் நிறுத்தலாகாது. எயினி தங்கள் விடை பெற்றுத் திரும்பும்வரை எங்கள் நாட்டின் வாய்ச்சொல்லாக மதிக்கப்படுவாள். திரும்பி வந்தபின் அவள்மேல் ஒரு கடுஞ்சொல் விழுந்தாலும் அது இந்த உடன்பாட்டை முறித்ததாகும். கறுப்புக் கயிற்றுக் கூடை இன்றோடு ஒழிந்தது. எந்தத் திங்களிலும், எந்தக் கயிற்றிலும் வரும் ஓலை வந்த அன்றே அவிழ்க்கப்படும். கீரந்தை தன் முத்திரையால் இடும் கடைசி ஆணை இது.

இனி ஒரு வேண்டுகோள். இவ்வோலையோடு வேறொரு சிறு நறுக்கு கட்டப்பட்டிருக்கிறது. மூன்றாம் சொல்லைப் பொய்த்த கீரந்தையைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி அலைவாய் நாடு கேட்கும் ஓலை அது. எழுதிப் பழகிய கை என்பதால் பிழையின்றி எழுதியிருக்கிறான். தங்கள் முத்திரை ஒன்றுதான் குறை. தங்கள் குடியின் இரக்கம் அவனுக்குத் தெரியும். தயைகூர்ந்து இரங்க வேண்டாம். தாங்கள் கேளாவிட்டால் அரசர் அவனை ஓசைப்படாமல் விட்டுவிடுவார். அந்தப் பட்டாடையை உடுத்திக்கொண்டு அவன் இன்னும் பத்து ஆண்டு இருந்துவிடுவான். இருந்துவிடக்கூடியவன்தான்.

கேட்கப்படுபவனுக்குச் சாதகமான ஓலை உண்டா என்று பார்ப்பது முறையல்லவா? அதைத் தாங்கள் இங்கு வந்து தேட இயலாது. ஆகவே கீரந்தையும் எயினியும் மூன்று பகல் ஓலைச்சாலையில் இருந்து, பரண், பேழை, கூடை, கறுப்புக் கயிறு, வெள்ளைக் கயிறு என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள். இப்போது கீரந்தை நடுப்பாறையின் அருகே, இடுப்பளவு நீரில், முன்பு நின்ற இடத்திலேயே நின்று, உள்ளங்கையில் ஆற்றுநீர் ஏந்திச் சொல்கிறான்: கீரந்தைக்குச் சாதகமான ஓலை எங்கள் ஓலைச்சாலையில் ஒன்றும் இல்லை. இம்முறை எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்தாயிற்று.

பங்குனித் திங்கள், ஒன்பதாம் நாள், முற்பகல். கீரந்தை கைச்சாத்து. முத்திரை, வேங்கை இலை. கறுப்புக் கயிறு கட்டியது, கண்டவுடன் அவிழ்க்க.